கட்டிட அனுமதி பட்டியலில் காத்திருக்குது வேலை! கொத்தனார், பெயிண்டர், பிளம்பர்கள் கவனத்துக்கு...

காலை 7 மணி. கையில் தூக்குவாளி, தோளில் கரண்டியும் மட்டப்பலகையும் இருக்கும் பை. நாலு ரோடு சந்திப்பில் 50 பேர் நிற்கிறார்கள். ஒரு மினி லாரி வந்து நிற்கிறது. "கொத்தனார் 2, சித்தாள் 4!" என்று மேஸ்திரி குரல் கொடுக்க, ஓடிப்போய் ஏறியவர்களுக்கு அன்றைக்கு கூலி. மற்றவர்கள் 9 மணி வரை பார்த்துவிட்டு, ஒரு டீயைக் குடித்துவிட்டு வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

சென்னையில் தினமும் நடக்கும் காட்சி இது.

ஆனால் அவர்கள் நிற்கும் இடத்தில் இருந்து 2 கிலோ மீட்டர் தூரத்தில் ஒரு புதிய அடுக்குமாடி கட்டிடத்துக்கு போன வாரம்தான் அனுமதி கிடைத்திருக்கும். எத்தனை மாடி, எத்தனை வீடு, யார் கட்டுகிறார்கள் என்ற விவரம் எல்லாம் அரசாங்க இணையதளத்தில் ஏறியிருக்கும். அதைப் பார்க்க காசு கிடையாது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சிமெண்டு கடைக்காரர் பார்க்கிறார். கம்பி வியாபாரி பார்க்கிறார். லிப்ட் கம்பெனி ஆள் பார்க்கிறார். வேலை செய்கிற ஆள் மட்டும் பார்ப்பதில்லை!

அந்தப் பட்டியலை எப்படிப் பார்ப்பது? அதில் இருந்து வேலையை எப்படிப் பிடிப்பது? இதுபற்றிய விவரம் வருமாறு:-

யார் அனுமதி தருகிறார்கள்?

வீடோ, கடையோ, அடுக்குமாடியோ, எதைக் கட்டினாலும் அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். கட்டிடத்தின் அளவைப் பொறுத்து அனுமதி தரும் இடம் மாறும்.

* 10 ஆயிரம் சதுர அடிக்குள், 8 வீடுகளுக்குள் என்றால் அந்தந்த மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி போன்ற உள்ளாட்சி அமைப்பே அனுமதி தரும். சென்னை மாநகராட்சி பல மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு உள்ளது. உங்கள் ஏரியா எந்த மண்டலத்தில் வருகிறது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

* அதற்கு மேல் போனால் சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் சி.எம்.டி.ஏ. எனப்படும் சென்னை பெருநகர வளர்ச்சிக் குழுமம். இதன் ஆபீஸ் எழும்பூரில் தாளமுத்து நடராசன் மாளிகையில் இருக்கிறது.

* மற்ற மாவட்டங்களில் டி.டி.சி.பி. எனப்படும் நகர் ஊரமைப்பு இயக்ககம்.

2019-ம் ஆண்டு வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள்தான் இப்போது மாநிலம் முழுவதும் நடைமுறையில் உள்ளது. இந்த விதிப்படி 18.30 மீட்டர் உயரத்துக்கு மேல் போகும் கட்டிடம் "உயர் மாடி கட்டிடம்". அதற்குள் இருந்தால் சாதாரண கட்டிடம். சி.எம்.டி.ஏ. தன் இணையதளத்தில் அனுமதி கொடுத்த திட்டங்களின் விவரத்தை வெளியிடுகிறது. செல்போனிலேயே பார்க்கலாம். வீட்டில் பிளஸ்-2 படிக்கிற பிள்ளை இருந்தால் போதும், அஞ்சு நிமிஷத்தில் எடுத்துக் கொடுத்துவிடும்.

ஒரே வரியில் அத்தனையும்!

அனுமதி விவரம் ஆங்கிலத்தில்தான் இருக்கும். பயப்பட வேண்டாம். எல்லா அனுமதியும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் எழுதப்பட்டு இருக்கும். உதாரணத்துக்கு, "ஸ்டில்ட் பிளஸ் 5 மாடி, குடியிருப்பு கட்டிடம், 20 டுவெல்லிங் யூனிட், இந்த கதவு எண், இந்த தெரு, இந்த சர்வே எண், இந்த கிராமம்" என்று இருக்கும். இதை எப்படிப் படிப்பது?

ஸ்டில்ட் என்றால் வண்டி நிறுத்தும் தரைத்தளம். அங்கே வெறும் தூண்கள்தான், சுவர் வேலை அதிகம் இருக்காது. கொத்தனாருக்கு முழு வேலை முதல் மாடியில் இருந்துதான். ஆனால் கம்பி கட்டுகிறவருக்கும், சென்ட்ரிங் ஆட்களுக்கும் அடியில் இருந்தே வேலை.

டுவெல்லிங் யூனிட் என்றால் வீடு. 20 யூனிட் என்றால் 20 வீடு. வீட்டுக்கு 2 பாத்ரூம் என்று வைத்தால் 40 பாத்ரூம், 20 சமையல் அறை. பிளம்பர், டைல்ஸ் போடுகிறவர் இந்த ஒரு எண்ணை வைத்தே எத்தனை நாள் வேலை, எத்தனை ஆள் வேண்டும் என்று மனக்கணக்கு போட்டுவிடலாம்.

கிராமம் என்ற இடத்தில்தான் பலர் குழம்பிப் போவார்கள். சென்னையில் பழைய கிராமங்களின் பெயர்தான் இன்னும் ரிக்கார்டில் இருக்கிறது. அண்ணா நகர் மனைக்கு "நடுவக்கரை கிராமம்" என்று இருக்கும். பெசன்ட் நகர் பக்கம் "ஊரூர் கிராமம்" என்று இருக்கும். "இது எங்கேயோ வெளியூர் போல" என்று தள்ளிவிடாதீர்கள். பக்கத்துத் தெருவாகக்கூட இருக்கலாம்! கதவு எண்ணையும் தெரு பெயரையும் பார்த்தால் தெரிந்துவிடும்.

பரப்பளவு சதுர மீட்டரில் இருக்கும். 10.76-ஆல் பெருக்கினால் சதுர அடி. அதை 100-ஆல் வகுத்தால் நம்ம ஆட்கள் பேசுகிற "சதுரம்" கணக்கு. 1,000 சதுர மீட்டர் என்றால் சுமார் 107½ சதுரம்.

ரெராவில் இன்னும் விவரம்

கட்டி விற்கிற பில்டர்களுக்கு இன்னொரு பதிவும் உண்டு. அதுதான் "ரெரா" எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம். 2016-ம் ஆண்டு சட்டப்படி அமைந்தது. 500 சதுர மீட்டருக்கு (சுமார் 2¼ கிரவுண்டு) மேற்பட்ட மனையில், 8 வீடுகளுக்கு மேல் கட்டி விற்பவர்கள் இதில் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும்.

வீடு வாங்குகிறவர்கள் ஏமாறக்கூடாது என்பதற்காக வந்த சட்டம் இது. ஆனால் வேலை தேடுகிறவர்களுக்கும் இது ஒரு புதையல்! ஏன் என்றால், பில்டர் யார், ஆர்க்கிடெக்ட் யார், கட்டிட உறுதிக்கு பொறுப்பான என்ஜினீயர் யார், காண்டிராக்டர் இருந்தால் அவர் பெயர், முகவரி எல்லாவற்றையும் கொடுத்துத்தான் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. எப்போது கட்டி முடிப்போம் என்ற தேதியையும் சொல்ல வேண்டும்.

பதிவு எண்ணை வைத்தே பாதி விஷயம் தெரிந்துவிடும். எண்ணின் நடுவில் "பில்டிங்" என்று இருந்தால் கட்டிடம். "லேஅவுட்" என்று இருந்தால் வெறும் மனைப்பிரிவு. அங்கே ரோடு, கால்வாய் வேலைதான் இருக்கும். கடைசியில் இருப்பது பதிவு செய்த ஆண்டு.

பெரிய திட்டம் என்றால் பேப்பரையே பாருங்கள். 20 ஆயிரம் சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டுகிறவர்கள் சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டும். அது கிடைத்ததும் உள்ளூர் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுக்க வேண்டும். அதில் ஒன்று தமிழ்ப் பத்திரிகையாக இருக்கும். சின்ன எழுத்தில் கட்டம் கட்டி வரும் அந்த விளம்பரத்தை நாம் பெரும்பாலும் படிக்காமல் புரட்டிவிடுகிறோம். அதுவும் ஒரு வேலைத் தகவல்தான்!

எந்த வேலைக்கு எப்போது போகணும்?

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். அனுமதி கிடைத்த மறுநாளே பெயிண்டர் போய் நின்றால், "சுவரே இல்லையே, எதுக்கு பெயிண்ட்?" என்றுதான் கேட்பார்கள். ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு நேரம் இருக்கிறது:-

* அனுமதி புதுசு என்றால்: போர் போடுகிறவர், மண் தோண்டுகிறவர், கடக்கால் வேலை, வாட்ச்மேன், மெட்டீரியல் இறக்குகிறவர்.

* தூண் எழும்பும்போது: கம்பி கட்டுகிறவர், சென்ட்ரிங், கான்கிரீட் கோஷ்டி. எலெக்ட்ரீசியனும் இப்போதே போக வேண்டும். தளம் போடும் முன்பே கம்பிக்கு நடுவில் பைப் பதிக்க வேண்டும் அல்லவா? தளம் போட்ட பிறகு போனால் அந்த வேலை வேறு ஆள் கைக்குப் போயிருக்கும்.

* சுவர் எழும்பும்போது: கொத்தனார், சித்தாள், வாசக்கால் வைக்கும் தச்சர், கிரில் வெல்டர், பிளம்பர்.

* பூச்சு முடியும்போது: டைல்ஸ், பால்ஸ் சீலிங். பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகுதான் பட்டி பார்க்கும் வேலையும் பெயிண்டும்.

ஒரு சாதாரண தனி வீடு கட்டி முடிக்க 8 மாதம் முதல் ஒரு வருஷம் ஆகும். அடுக்குமாடிக்கு 2 வருஷம், 3 வருஷம்கூட ஆகும். ஆகவே கம்பி கட்டுகிறவர் புதிய அனுமதிகளைப் பார்க்க வேண்டும். பெயிண்டரும் டைல்ஸ்காரரும் ஒரு வருஷம், 2 வருஷம் முன்பு வாங்கிய அனுமதிகளைப் பார்க்க வேண்டும். ரெராவில் "கட்டி முடிக்கும் தேதி" இன்னும் 6 மாதத்தில் இருக்கிற கட்டிடங்களைத் தேடிப் பிடித்தால், அங்கே கடைசிக்கட்ட வேலை மும்முரமாக நடந்துகொண்டிருக்கும். பெரிய கட்டிடத்துக்கு நிறைவுச் சான்றிதழ் இல்லாமல் நிரந்தர கரண்டு, தண்ணீர் இணைப்பு கிடைக்காது. அதனால் கடைசி நேரத்தில் ஆள் பற்றாக்குறை வரும். அதுதான் உங்கள் நேரம்!

இன்னொன்று. அனுமதி கிடைத்தது என்றால் வேலை ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. அனுமதி பல வருஷம் செல்லும். பணம் புரளாமல் அப்படியே கிடக்கிற மனைகளும் உண்டு. அதோடு நம்ம ஊரில் ஆடி மாதமும், மார்கழி மாதமும் பலர் பூமி பூஜை போட மாட்டார்கள். ஆனியில் அனுமதி வாங்கியவர்கள் ஆவணிக்குக் காத்திருப்பார்கள். கார்த்திகையில் வாங்கியவர்கள் தைக்குக் காத்திருப்பார்கள். எனவே ஆடியிலும் மார்கழியிலும் பட்டியலைப் பார்த்து குறித்து வைத்துக்கொண்டால், ஆவணியும் தையும் பிறந்தவுடன் முதல் ஆளாகப் போய் நிற்கலாம்.

சின்ன வீடு என்றால்...

எல்லோருக்கும் அடுக்குமாடி வேலை சரிப்படாது. அங்கே பெரிய காண்டிராக்டர் வெளிமாநிலத்தில் இருந்து மொத்தமாக ஆள் கொண்டுவந்து ஷெட் போட்டு தங்க வைத்திருப்பார். உள்ளூர் கொத்தனாருக்கும் மேஸ்திரிக்கும் கைகொடுப்பது தனி வீடுகள்தான்.

2024-ம் ஆண்டு ஜூலையில் தமிழக அரசு "சுயசான்று" திட்டத்தைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் வீடு, தரைத்தளம் அல்லது அதற்கு மேல் ஒரு மாடி என்றால், ஆன்லைனில் விண்ணப்பித்து பணத்தைக் கட்டியதும் உடனடியாக அனுமதி. முன்கூட்டியே அதிகாரி வந்து பார்க்க வேண்டியது இல்லை.

இதனால் என்ன மாற்றம்? முன்பு அனுமதிக்கு அலைந்துகொண்டிருக்கும்போதே, "அந்த வீட்டுக்காரர் கட்டப்போறார்" என்ற சேதி ஏரியா முழுக்க பரவிவிடும். இப்போது அனுமதி வந்த கையோடு கடக்கால் தோண்டிவிடுகிறார்கள். தெரிந்துகொண்டு போவதற்குள் வேலை வேறு ஆளுக்குப் போய்விடுகிறது.

இதற்கு வழி? பிளான் போடுகிற என்ஜினீயர்! சின்ன வீடாக இருந்தாலும் வரைபடம் போட பெரும்பாலும் என்ஜினீயரிடம்தான் போவார்கள். மண்டல ஆபீஸ், நகராட்சி ஆபீசுக்குப் பக்கத்தில் அவர்கள் ஆபீஸ் வரிசையாக இருக்கும். ஒருவரே வருஷத்துக்கு பல வீட்டுக்கு பிளான் போடுவார். வீட்டுக்காரர் அவரிடம்தான், "நல்ல கொத்தனார் யாராவது இருக்காங்களா சார்?" என்று கேட்பார். அந்த நேரத்தில் உங்கள் பெயர் அவர் வாயில் வர வேண்டும். மாதம் ஒருமுறை தலையைக் காட்டிவிட்டு வந்தால் போதும்.

பலகையைப் படியுங்கள்!

செல்போனும் வேண்டாம், ஆபீசும் வேண்டாம் என்கிறவர்களுக்கு ஒரு சுலபமான வழி. கட்டிடம் நடக்கும் இடத்தில் அனுமதி விவரத்தை பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்பது விதி. அனுமதி எண், தேதி, எத்தனை மாடி என்பது அதில் இருக்கும். சைக்கிளிலோ, டூவீலரிலோ ஞாயிற்றுக்கிழமை ஒரு ரவுண்டு வந்தால் 10 பலகையாவது கண்ணில் படும். 40 பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு கட்டிடம். இடம், அனுமதி எண், தேதி, மாடி, வீடு, இப்போது எந்த மட்டத்தில் இருக்கிறது, அடுத்து எப்போது வர வேண்டும் என்று எழுதி வையுங்கள்.

மாதம் ஒருமுறை அந்த நோட்டைப் புரட்டினால் உங்களுக்கே தெரியும், அடுத்த வாரம் எங்கே போய் கேட்கணும் என்று.

போய் என்ன பேசுவது?

"வேலை இருக்கா சார்?" என்று கேட்டால், "இல்லப்பா" என்ற பதில்தான் வரும். தினமும் 10 பேர் அப்படித்தான் கேட்கிறார்கள். அதையே இப்படிக் கேட்டுப்பாருங்கள்:-

"சார், 3-வது மாடி சுவர் ஏறிடுச்சு போல. மொத்தம் 20 வீடு இல்லீங்களா? பாத்ரூம் டைல்ஸ் வேலைக்கு என்கிட்ட 4 பேர் இருக்கோம். பக்கத்துத் தெருவுலதான் போன வருஷம் ஒரு வேலை முடிச்சோம், வேணும்னா வந்து பாருங்க."

விஷயம் தெரிந்த ஆள் என்று சைட் என்ஜினீயர் நிமிர்ந்து பார்ப்பார். செய்த வேலையின் போட்டோ 10 செல்போனில் இருக்கட்டும். கான்கிரீட் போடும் நாளில் போகாதீர்கள். அன்றைக்கு யாருக்கும் பேச நேரம் இருக்காது. ரெரா விவரத்தில் போன் நம்பர் இருக்கிறதே என்று ராத்திரி, பகல் பார்க்காமல் அடித்துக்கொண்டும் இருக்காதீர்கள். ஒருமுறை எரிச்சல் வந்தால் அந்தக் கதவு மூடினதுதான். நேரில் போவதுதான் மரியாதை.

ஏமாறாதீங்க!

"அனுமதி லிஸ்ட் தருகிறேன், 500 ரூபாய் கொடு" என்று யாராவது வந்தால் கொடுக்காதீர்கள். இணையதளத்தில் இருப்பது எல்லோருக்கும் பொதுவானது. "அந்த சைட்டில் வேலை வாங்கித் தருகிறேன், முன்பணம் கட்டு" என்றாலும் அதே கதைதான். வேலைக்குப் போகிறவர் பணம் வாங்க வேண்டுமே தவிர கொடுக்கக்கூடாது.

அனுமதியே இல்லாமல் கட்டுகிற இடத்தில் கவனம் தேவை. அதிகாரிகள் வந்து சீல் வைத்தால் வேலை பாதியில் நிற்கும். அதுவரை செய்த வேலைக்கு கூலி கேட்டு நாய் படாத பாடு பட வேண்டியிருக்கும். லேபர் காண்டிராக்டாக எடுக்கிறவர்கள் ஆள், சாமான், சாரம் எல்லாம் இறக்கும் முன்பு அனுமதி எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

கூலிக்கும் அந்த எண்தான் சாட்சி

வேலை கிடைப்பதற்கு மட்டும் அல்ல, கூலி கிடைப்பதற்கும் இந்த அனுமதி எண் உதவும் என்பது பலருக்குத் தெரியாது. நம்மை வேலைக்குக் கூப்பிட்டது மேஸ்திரி. அவருக்கு மேலே சப்-காண்டிராக்டர். அவருக்கு மேலே காண்டிராக்டர். அதற்கும் மேலே பில்டர். மேஸ்திரி ஒருநாள் செல்போனை சுவிட்ச் ஆப் செய்துவிட்டால், "யாரிடம் வேலை பார்த்தாய்?" என்ற கேள்விக்கு பலரிடம் பதில் இல்லை. "பெரிய பில்டிங்குங்க, பச்சை வலை கட்டியிருக்கும்" என்று சொன்னால் தொழிலாளர் துறை ஆபீசில் என்ன செய்ய முடியும்?

அதுவே நோட்டில் கட்டிடத்தின் முகவரி, அனுமதி எண், பில்டர் பெயர், எத்தனை நாள் வேலை பார்த்தோம் என்ற கணக்கு எல்லாம் இருந்தால் கதையே வேறு. புகார் யார் மீது என்று தெளிவாக எழுதிக் கொடுக்கலாம்.

இன்னும் ஒரு விஷயம். கட்டிட அனுமதி வாங்கும்போது, கட்டுமானச் செலவில் 1 சதவீதம் தொழிலாளர் நல நிதியாக வசூலிக்கப்படுகிறது. அந்தப் பணம் போவது கட்டுமான தொழிலாளர்கள் நல வாரியத்துக்கு. 1994-ம் ஆண்டு திட்டத்தின்படி அமைந்த வாரியம் இது. 18 வயது முதல் 60 வயது வரை உள்ள கட்டுமான தொழிலாளர்கள் இதில் சேரலாம். பிள்ளைகள் படிப்பு, திருமணம், விபத்து, ஓய்வூதியம் என்று உதவிகள் இருக்கின்றன. அட்டை வாங்கியவர்கள் புதுப்பிக்க மறந்துவிடாதீர்கள்.

அதாவது, நீங்கள் பலகையில் படிக்கிற ஒவ்வொரு அனுமதி எண்ணுக்குப் பின்னாலும் உங்கள் பேரில் ஒரு தொகை கட்டப்பட்டிருக்கிறது. வாரிய அட்டை இல்லாதவருக்கு அது வந்து சேராது.

நாளைக் காலை நாலு ரோட்டில் நிற்கத்தான் வேண்டும். அதை விட முடியாது. ஆனால் 9 மணிக்கு மேல் வீட்டுக்குத் திரும்புகிற வழியில், பச்சை வலை கட்டிய கட்டிடம் ஏதாவது இருந்தால் ஒரு நிமிஷம் நின்று அந்தப் பலகையைப் படித்துவிட்டுப் போங்கள். நோட்டில் முதல் பக்கம் அதுவாக இருக்கட்டும்.